பார்டருக்குத்தான் மார்க்

"நாங்கல்லாம் லைப்ரரியில தேடித் தேடிப் படிச்சோம். இப்ப உள்ள பசங்க செல்லைத் தட்டுறாங்க, ப்ராஜெக்ட் முடிஞ்சிடுது" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் காப்பிதான் அடித்திருக்கிறோம்.

அப்பா காலத்தில் கிளை நூலகம். பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் 10 தொகுதியும் கண்ணாடி பீரோவுக்குள் இருக்குமாம். வீட்டுக்குத் தர மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். கை வலிக்கிறதே என்று பாதியைச் சுருக்கி எழுதுவாராம். சுருக்க வேண்டுமென்றால் கொஞ்சமாவது புரிந்திருக்க வேண்டுமே, அவருக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

எனக்கு அந்த லாபமும் இல்லை. 2001-ல் எட்டாம் வகுப்பு. பிரவுசிங் சென்டர், மணிக்கு 30 ரூபாய். தமிழ்ப் பக்கம் எதையாவது திறந்தால் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும். தமிழ் விக்கிப்பீடியாவே 2003-ல்தான் தொடங்கியது. அதனால் சென்டர் அண்ணன்தான் எங்கள் ஆராய்ச்சியாளர். "என்ன டாபிக்?" என்று கேட்டு இங்கிலீஷில் நாலு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். வகுப்பில் எட்டுப் பேரிடம் அதே நாலு பக்கம் இருக்கும். வெட்டி ஒட்டி, ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பூ போட்டுக் கொடுப்போம். பார்டருக்குத்தான் மார்க்.

இப்போது என் மகள் ஏழாவது. போன ஆவணியில் 'தூக்கணாங்குருவி பற்றி எழுதுக' என்று ப்ராஜெக்ட். ஏஐயிடம் கேட்டாள். மூச்சு விடுவதற்குள் ஒரு பக்கம் வந்துவிட்டது. பெண் குருவி கூடு கட்டுமாம். மின்மினியைப் பிடித்துக் களிமண்ணில் ஒட்டி ராத்திரி விளக்கேற்றுமாம். அவள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது திண்ணையில் இருந்த அப்பா, "பொட்டைக் குருவி எங்க கட்டுது? ஆண்தான் கட்டும். பாதி கட்டினதும் பொட்டை வந்து உள்ள பூந்து பாக்கும். பிடிச்சாத்தான் மிச்சத்தைக் கட்டும், இல்லாட்டி அப்படியே கிடக்கும்" என்றார்.

எனக்கு இதில்தான் கவலை. கலைக்களஞ்சியத்தில் தப்பு இருந்தால் இன்ன தொகுதி, இன்ன பக்கம் என்று காட்டலாம். இணையதளத்துக்கும் ஒரு முகவரி உண்டு. இதுவோ தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே பவ்யமான குரலில் சொல்கிறது. பிள்ளை யாரைப் போய்க் கேட்கும்? பக்கத்தில் ஒரு தாத்தா இருந்ததால் தப்பித்தோம்.

மறுநாள் இருவரும் டிவிஎஸ் 50-ல் ஏரிக்கரைப் பனைமரத்துக்குப் போனார்கள். ஏழு கூடுகள். அதில் இரண்டு, குழாய் வைக்காமல் தொப்பி மாதிரி பாதியில் நின்றவை. மஞ்சள் தலை ஆண் ஒன்று ஓலை நாரைக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்ததாம். கீழே விழுந்து கிடந்த பழைய கூட்டுக்குள் களிமண் இருந்தது. மின்மினியைக் காணோம்.

அன்று ராத்திரி தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் அதே கலைக்களஞ்சியத்தை மகளின் செல்லில் திறந்து காட்டினேன். அப்பாவுக்கு வீட்டுக்குத் தராத புத்தகம், இப்போது இலவசமாக உள்ளங்கையில். அவர் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார், செல்லைத் திருப்பித் தரவே இல்லை.

பிள்ளைகளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பீரோ போய் பிரிண்டர் வந்து இப்போது ஏஐயும் வந்துவிட்டது, கேள்வி மட்டும் அதே 'பற்றி எழுதுக'. காப்பி அடிக்கத் தோதான கேள்வியைக் கொடுத்துவிட்டு, காப்பி அடிக்கிறார்கள் என்று புலம்புகிறோம். 'உங்கள் ஊரில் எந்த மரத்தில் எத்தனை கூடு?' என்று கேட்டிருந்தால் எந்தக் கருவி பதில் சொல்லும்?

மகள் ஏரிக்கரையில் எண்ணியதை அப்படியே எழுதி, பென்சிலில் கோணல்மாணலாக ஒரு தொப்பிக் கூடு வரைந்து கொடுத்தாள். 10-க்கு 6. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு: 'கலர் படம் ஒட்டவில்லை.'