மூக்கைச் சிந்தத்தான் போகிறோம், அதற்கென்ன?

சனிக்கிழமை அண்ணன் மேடையில் பேசிய காணொளி எல்லாப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் சுற்றி முடித்துவிட்டது. அதனால் என்ன நடந்தது என்று மறுபடியும் விளக்கப் போவதில்லை. பெயரும் வேண்டாம். "மனித உரிமைத் திரைப்பட விழாவாம், காசு கொடுத்து மூக்கைச் சிந்திட்டு வரணுமாம்" என்று அவர் சொன்னதும் மண்டபமே குலுங்கியதே, அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆறவில்லை. சொன்னவரைக்கூட விட்டுவிடலாம். சிரித்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

முதலில் காசு விஷயம், அண்ணே. நீங்கள் கேலி செய்த ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட்டில் நான் பார்த்த படங்களில் பலவற்றுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுத்ததில்லை. 2003இல் கோமாஸ் என்ற மலேசிய மனித உரிமை அமைப்பு தொடங்கிய விழா அது. படம் எடுத்துப் பழக்கமில்லாதவர்களிடமும் கதை கேட்டு, கொஞ்சம் பணம் கொடுத்து எடுக்க வைக்கிறார்கள். எடுத்ததைப் பினாங்கு, ஈப்போ, ஜொகூர் பாரு என்று தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். நம் விளையாட்டுப் போட்டிக்கு மாட்டும் ஸ்பான்சர் பதாகைக்கு ஆகும் செலவில் அவர்கள் ஒரு குறும்படமே முடித்துவிடுவார்கள் போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண விருந்தோ கருமாதியோ, நாலு தமிழர் உட்கார்ந்தால் ஒரு வசனம் கட்டாயம் வரும்: "நம்ம கதையை எவன் சொல்றான்?" இந்த விழாக்காரர்கள் சொன்னார்கள். சொன்னதற்காக நீதிமன்றப் படி ஏறினார்கள். நாம்தான் போகவில்லை.

2013 ஜூலை 3. கோலாலம்பூர் ஜாலான் மகாராஜாலேலாவில் இருக்கும் சீன அசெம்பிளி மண்டபம். முள்ளிவாய்க்காலில் முடிந்த ஈழப் போரின் கடைசி மாதங்களைப் பற்றி கேலம் மக்ரே எடுத்த 'நோ ஃபயர் ஸோன்' படத்தை இதே கோமாஸ் அங்கே காட்டியது. உள்துறை அமைச்சு அதிகாரிகள் வந்து நின்றார்கள். ஏற்பாட்டாளர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் கோமாஸின் லீனா ஹென்ரி மீது மட்டும் வழக்கு: தணிக்கைக்குப் போகாத படத்தைக் காட்டினார், 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம், பிரிவு 6. மூன்று ஆண்டு வரை சிறை, இல்லையென்றால் 30,000 ரிங்கிட் வரை அபராதம் என்று சொல்லும் பிரிவு. 2016 மார்ச்சில் விடுதலை செய்தார்கள். அதே ஆண்டு உயர்நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. 2017இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 10,000 ரிங்கிட் அபராதம். ஒரு படம் காட்டியதற்கு நான்கு ஆண்டு அலைச்சல்.

மண்டபம் சீனர்களுடையது. படம் எடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர். செத்தவர்கள் நம் ஆட்கள். நாம் என்ன செய்தோம்? மே மாதம் வந்தால் முகநூலில் சுயவிவரப் படத்தைக் கறுப்பாக மாற்றினோம். அதற்கு எந்தப் பிரிவிலும் வழக்கு வராது.

"இந்தியாவில் மட்டும் காட்டிவிட்டார்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2014இல் அங்கேயும் சான்றிதழ் மறுத்தார்கள், மக்ரே இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டார். அதனால் என்ன? அங்கே மறுத்ததால் இங்கே சிரிக்கலாமா?

"அந்நியப் பணத்தில் நடப்பது" என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. நம் நட்சத்திரக் கலைவிழாக்கள் யார் பணத்தில் நடக்கின்றன என்று முதலில் கேட்டுவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.

"தரம் இல்லை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சில படங்களில் ஒலி கேட்காது. சில படங்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் 2007இல் அங்கே பரிசு வாங்கிய ஃபாமி ரேசாவின் படத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி வந்து பேசட்டும். 1947 அக்டோபர் 20இல் மலாயா முழுக்க நடந்த ஹர்த்தாலைப் (கடையடைப்பைப்) பற்றியது. அதை நடத்திய கூட்டணிகளில் ஒன்றான ஏ.எம்.சி.ஜே.ஏ.வில் (அகில மலாயா கூட்டு நடவடிக்கை மன்றம்) முதல் தலைவர் ஜான் திவி காலத்து மஇகாவும் (இந்தியர் காங்கிரஸ்) இருந்தது. நம் தாத்தாக்களின் அரசியலை எனக்குப் பள்ளிப் புத்தகம் சொல்லவில்லை, ஒரு மலாய் இளைஞன் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் தேடிப் படித்தேன்.

அம்மாவை ஒரு தடவை அழைத்துப் போனேன். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களைப் பற்றிய குறும்படம். உணர்ச்சிவசப்படுவார், கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவரோ குளிர்சாதனத்தைத் திட்டிக்கொண்டே பார்த்தார். முடிந்ததும் மைக் கேட்டு வாங்கி, "கிராணி எங்கய்யா? துரையைக் காட்டுறீங்க, மண்டோரைக் காட்டுறீங்க, சம்பளத்துல கை வச்ச கிராணியை ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர், மண்டோர் என்றால் மேஸ்திரி. இயக்கிய பையன் முழித்தான். அப்புறம் சாப்பாட்டு நேரம் முழுக்க அம்மாவை விடவே இல்லை, கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தான். எந்தச் சினிமாக் கொட்டகையில் என் அம்மாவுக்கு மைக் கொடுத்திருக்கிறார்கள்? மூக்கைச் சிந்தவில்லை அண்ணே, சண்டை போட்டார். சிந்தியிருந்தாலும்தான் என்ன? சீரியல் பார்த்து அழுதால் குடும்பப் பெண், இங்கே அழுதால் கேலியா?

2021இல் நடந்ததாவது நினைவிருக்கிறதா? போலீஸ் காவலில் சிறுவர்களுக்கு நடந்ததாகச் சொல்லப்படும் கொடுமையை விழாவை நடத்துபவர்கள் ஒரு சின்ன அசைவூட்டப் படமாகப் போட்டார்கள். தலைப்பிலேயே மிளகாய்த் தூளும் தின்னரும் (பெயிண்ட் கரைப்பான்) இருக்கும். விழாவை நடத்தும் அன்னா ஹாரையும் ஓவியர் அமின் லண்டாக்கையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், அலுவலகத்தைச் சோதனை போட்டார்கள். தடுப்புக்காவல் மரணச் செய்திகளில் நம் பெயர்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செத்த வீட்டுக்கு மாலையோடு போய் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அண்ணன்தான், அந்தக் காவலைப் பற்றிப் படம் எடுப்பவர்களைக் கிண்டல் செய்கிறார்.

"நீ அவங்க ஆளு, அதான் குதிக்கிறே" என்று என் சொந்த மச்சானே எழுதியிருக்கிறான். நான் யாருடைய ஆளும் இல்லை. விழாவில் நாற்காலி அடுக்கியிருக்கிறேன், அதற்குச் சம்பளம் கேட்டதில்லை. இதே அண்ணன் வீட்டு விசேஷத்திலும் அடுக்கியிருக்கிறேன். அன்றைக்கு யாரும் என்னை அவர் ஆள் என்று சொல்லவில்லை, நல்ல பையன் என்றார்கள்.

போகாதீர்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கடைத்தொகுதித் திரையரங்கில் பாப்கார்னோடு நிம்மதியாகப் படம் பாருங்கள், நானும்தான் பார்க்கிறேன். ஆனால் மேடையில் நின்று சிரிக்க வைக்க உங்களுக்கு இவர்கள்தானா கிடைத்தார்கள்?

ஞாயிறு காலை இதையே சுருக்கமாகக் குழுவில் கேட்டேன். பத்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். நீக்கியது யார் என்று தெரியும். காணொளி மட்டும் இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறதாம்.