கேமரா யாரைப் பார்க்கிறது?

எங்கள் கடற்கரைப் பக்கம் இப்போது எந்தக் கூட்டம் போட்டாலும் ஒரு தீர்மானம் தவறாமல் வந்துவிடும்: இன்னும் நாலு கேமரா வைக்க வேண்டும். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பேசினால், "நீ தப்பு செய்யலேல்ல, உனக்கென்ன பயம்?" என்பார்கள். நான் கேமராவுக்கு எதிரி இல்லை. ராத்திரியில் படகிலிருந்து டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப் பிடிக்க வேறு வழி எனக்கும் தெரியவில்லை. ஆனால் அது யாரைப் பார்த்து வைக்கப்படுகிறது, பதிவு யார் கையில் இருக்கும் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்களே, அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல் வடக்கே வந்தது, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். 1929-ல் கமுதி, முதுகுளத்தூர் பக்கத்து ஆப்பநாட்டு மறவர்களையும் அதில் சேர்த்தார்கள். ஒரு சாதியில் பிறந்திருந்தால் போதும், கைரேகை வைக்க வேண்டும். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இந்தச் சட்டம் பாய்ந்த பல ஊர்களில் ஆண்கள் ராத்திரியில் போலீஸ் கண்ணெதிரே படுத்துக் கிடந்தார்கள். நடந்த திருட்டுக்குத் தண்டனை கொடுப்பது ஒன்று. நடக்கப்போகும் திருட்டுக்கு முன்கூட்டியே ஒருவனின் ராத்திரிகளை எல்லாம் பிடுங்கிக்கொள்வது வேறு. 1947-ல்தான் இங்கே அது ஒழிந்தது. அந்தக் காலத்திலும் "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

இன்றைக்கு அவ்வளவு கொடுமை இல்லை, சரி. அதிகாரத்தில் இருப்பவன்தான் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. என் பெரியம்மா மகன் சவுதியில், தம்மாமில் இருக்கிறான். போன வருஷம் வந்தபோது வாசலில் கேமரா மாட்டி, போனில் இணைத்துக்கொண்டு போனான். பாசம்தான், வேறொன்றும் இல்லை. மறுவாரமே போன்: "அம்மா, பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தது யாரு?" வந்தது மீட்டர் கணக்கெடுக்கும் ஆள். பெரியம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் மீன்காரம்மாவிடம் கடன் சொல்வதையும், பக்கத்து வீட்டு மதினியோடு மருமகளைப் பற்றிப் பேசுவதையும் பிள்ளை பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். திண்ணையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி இப்போது கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. மனுஷி தன் வீட்டு வாசலிலேயே கைதி மாதிரி நடந்துகொள்கிறார்.

கேமராவே இல்லாமல் நடக்கும் ஒழுங்கும் எங்களிடம் உண்டு. ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகு போகும். மற்ற நாட்களில் நாட்டுப்படகு. விசைப்படகு இழுவலைக்கும் நாட்டுப்படகுக்காரன் வலைக்கும் நடந்த பழைய சண்டைகளில் பிறந்த ஏற்பாடு அது. மீறல் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே இவனை அவன் பார்க்கிறான், அவனை இவனும் பார்க்கிறான். அதனால்தான் அது இத்தனை காலம் ஓடுகிறது என்பது என் எண்ணம்.

திருப்பிப் பார்க்க முடியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு சாத்தான்குளம் போதும். 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அந்தக் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. சேமித்து வைக்க இடமும் இருந்தது. இருந்தும், அன்றாடப் பதிவு அன்றன்றைக்கே தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். அதே வருஷம் டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு மாதக்கணக்கில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு கேமராவுக்கு யாரும் உச்ச நீதிமன்றம் வரை போகவில்லை.

இப்போது கடலுக்கு வருகிறேன். 2008-ல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். அதன் பிறகு மீனவனுக்குக் கைரேகை எடுத்து அட்டை கொடுத்தார்கள். விசைப்படகு கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் வேண்டும். அப்புறம் செயற்கைக்கோள் வழியாகச் சேதி வாங்கி அனுப்பும் இந்த டிரான்ஸ்பாண்டர் கருவி, நாடு முழுக்க 1 லட்சம் படகுகளுக்கு. இதை நான் குறை சொல்ல மாட்டேன். புயல் எச்சரிக்கை நடுக்கடலுக்கே வரும், ஆபத்தென்றால் படகிலிருந்தும் கரைக்குச் சேதி போகும். 2017 ஒக்கி புயல் நேரத்தில் குமரிக்காரர்களுக்கு இது இருந்திருந்தால் எத்தனை பேர் திரும்பியிருப்பார்களோ.

ஆனால் அதே கருவி படகு எங்கே போனது என்பதையும் சொல்லும். இலங்கைக் கடற்படை பிடிக்கும்போது எல்லை தாண்டினார்கள் என்பார்கள் அவர்கள், தாண்டவில்லை என்போம் நாம். தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள், கரையில் எல்லோருக்கும் தெரியும். படகு போன தடம் அரசாங்கத்திடம் இருக்கும்போது, சிறையில் இருப்பவனின் மனைவி கேட்டால் அது ஒரு தாளாக அவள் கைக்கும், அவள் வக்கீல் கைக்கும் வர வேண்டும். டீசல் மானியத்துக்குப் போராடும் சங்கங்கள் இதையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும். தாண்டியிருந்தால் அதுவும் அந்தத் தாளில் தெரியட்டும், அபராதம் கட்டும்போதாவது எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டலாம்.