ஒரு ஸ்டுடியோ போதாது

எழுதக் கூடாது என்று நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். வானொலி நிலையங்களைச் சுருக்கச் சொல்லும் அந்த மேடைப் பேச்சுக் காணொலியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நான் மறுபடி பகிரப் போவதில்லை. மேடையில் அந்த நிர்வாக வல்லுநர் சொன்ன ஒரு வரிதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது: "மாநிலம் முழுவதற்கும் சென்னையில் ஒரு ஸ்டுடியோ போதும். மற்ற ஊர்களில் டிரான்ஸ்மிட்டர் இருந்தால் போதும்." அரங்கில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அதிகம் வலித்தது.

போதாது. ஏன் போதாது என்று மீன்பிடித் தடைக்காலத்தை வைத்தே சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாநிலம், இரண்டு தடைக்காலம். ஜூன் 15 காலையில் சென்னை ஸ்டுடியோவிலிருந்து "தடைக்காலம் முடிந்தது, விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாம்" என்று வாசித்தால், நாகப்பட்டினத்துக்கு அது சரியான செய்தி. குளச்சலுக்குத் தவறான செய்தி. வாசித்தவர் மேல் குற்றமில்லை. ஒரே வாயால் இரண்டு கரைக்கும் பேசச் சொன்னதுதான் குற்றம்.

வயலுக்கு வாருங்கள். டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி. கன்னியாகுமரிப் பக்கத்து நாஞ்சில் நாட்டில் நெல் பருவங்கள் கன்னிப்பூ, கும்பப்பூ. அங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்று தஞ்சாவூர் காத்திருக்கும் வாரத்தில், நாகர்கோவில் பக்கத்து விவசாயிக்கு வேறு மழை, வேறு பூச்சி, வேறு கவலை. எல்லோருக்கும் பொதுவாகப் பேசும் வேளாண் நிகழ்ச்சியில் மிஞ்சுவது "அருகிலுள்ள வேளாண் அலுவலரை அணுகவும்" என்ற வரி மட்டும்தான்.

1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்தை எதற்குக் கொண்டாடுகிறோம்? 1960களின் பிற்பாதியில் ஏடிடீ 27 நெல் டெல்டாவில் பரவியபோது, வானொலி வழியாகவே அது வயலுக்குப் போனது என்பதால் ஜனங்கள் அதற்கு "ரேடியோ நெல்" என்று பேர் வைத்தார்கள். விதை எப்போது, உரம் எவ்வளவு என்று அந்த மண்ணைத் தெரிந்தவர்கள் அந்த மண்ணில் உட்கார்ந்து சொன்னதால் கிடைத்த பேர் அது. 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தை நாகர்கோவிலில் தொடங்கியதற்குப் பின்னாலும் இதே எண்ணம்தான். இப்போது போகச் சொல்வது நேர் எதிர்த் திசையில்.

மாநில வானொலிக்குத் தலைமை ஏற்பவருக்கு முதல் வேலை என்ன? லோகோ மாற்றுவதில்லை. நேர அட்டவணையை மேசையில் விரித்து, எந்த மணி மாநிலம் முழுவதற்கும் பொது, எந்த மணி நிலையத்தின் சொந்த மணி என்று கோடு போடுவது. செய்தி பொது. இரவு இசையும் பெரும்பாலும் பொதுவாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். விடிகாலையும் சாயங்காலமும் நிலையத்துக்கே. கடலுக்குப் போகிறவரும் வயலுக்குப் போகிறவரும் காதைக் கொடுப்பது அப்போதுதான். அந்த மணிகளைத் தலைநகரம் தொடக் கூடாது.

இரண்டாவது வேலை, பொது நிகழ்ச்சியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும் அதிகாரத்தை ஒவ்வொரு நிலையத்தின் பணி அலுவலருக்கும் எழுத்தில் கொடுப்பது. புயல் எச்சரிக்கை வந்தால் யாரிடமும் அனுமதி கேட்காமல், தலைநகரிலிருந்து வாங்கிப் பரப்பும் அஞ்சல் ஒலிபரப்பை நிறுத்திவிட்டு உள்ளூர் மைக்கைத் திறக்கலாம் என்று கையெழுத்திட்ட தாள் அந்த அறையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரவு 2 மணிக்கு எச்சரிக்கை வரும். பணியில் இருப்பவர் மேலதிகாரிக்குப் போன் அடிப்பார். அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அதுவரை சினிமாப் பாட்டு ஓடும்.

ஒரே ஸ்டுடியோவின் ஒலியை எல்லா ஊரும் வாங்கி ஓட்டும்போது என்னென்ன கெடும் என்று அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை. ஸ்டுடியோவிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு ஊர் டிஷ்ஷிலும் இறங்கும் சிக்னல் அது. கேயூ பட்டை என்ற உயர் அலைவரிசையில் இறக்கினால் பெருமழையில் தேயும். அதாவது வானொலி மிகவும் தேவைப்படும் அதே நேரத்தில் தேயும். மார்ச்சிலும், செப்டம்பர் கடைசி அக்டோபர் வாக்கிலும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நாட்களில் சில நிமிடம் சிக்னல் இரைச்சலில் மூழ்கும். நிகழ்ச்சி 20 விநாடி நீண்டால், குறித்த நேரத்தில் தானாக அடுத்த நிகழ்ச்சிக்கு மாற்றும் கருவி இருக்கும் ஊர்களில் எல்லாம் கடைசி வாக்கியம் அறுபடும். உள்ளூரில் ஆள் இருந்தால் ஒலியளவுக் குமிழான ஃபேடரை இறக்கி, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று சொல்லி, கைவசம் இருக்கும் பாட்டைப் போடுவார். ஆள் இல்லாத இடத்தில் வெறும் மௌனம். ஒலி நின்றுபோனால் அடிக்கும் சைலன்ஸ் அலாரம் அடித்தாலும் கேட்க அந்த அறையில் காது வேண்டும்.

"இந்தக் காலத்தில் யார் ரேடியோ கேட்கிறார்கள்?" என்று இன்பாக்ஸில் நாலைந்து பேர் வந்துவிட்டீர்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்த மறுநாள் வேதாரண்யம் பக்கம் எந்தச் செயலி வேலை செய்தது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். மின்கம்பமும் செல்போன் கோபுரமும் சாய்ந்த இடத்தில் இரண்டு பேட்டரிக் கட்டையில் பேசக்கூடிய கருவி வேறு எது?

"எல்லாவற்றையும் எஃப்எம் ஆக்கிவிட்டால் செலவு குறையுமே" என்பது நியாயமான கேள்வி. செலவு குறையும் என்பது உண்மைதான். மத்திய அலைக்கு, அதாவது மீடியம் வேவுக்கு, பெரிய நிலம் வேண்டும். 720 கிலோஹெர்ட்ஸில் பேசும் சென்னை முதல் அலைவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் 416 மீட்டர், அதில் கால் பங்கு 104 மீட்டர் உயரக் கோபுரம். அடியில் சக்கர ஆரம் போல 120 செம்புக் கம்பி, ஒவ்வொன்றும் அதே 104 மீட்டர் என்பது பாடநூல் கணக்கு. கூட்டினால் 12 கிலோமீட்டருக்கு மேல் செம்பு மண்ணுக்குள். அதைத் தோண்டித் திருடுவார்கள். திருட்டுப் போவது உடனே தெரியாது, வீச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கடலோரக் காற்றில் கோபுரத்தைத் தாங்கும் இழுகம்பி துருப்பிடிக்கும். மின்கட்டணம் மலைக்க வைக்கும். இத்தனையும் தெரிந்துதான் சொல்கிறேன்: எஃப்எம் நேர்க்கோட்டில் போகும் அலை. 100 மீட்டர் கோபுரத்துக்குத் தொடுவானம் ஏறக்குறைய 41 கிலோமீட்டர். கொடைக்கானல் எஃப்எம் அத்தனை தென்மாவட்டங்களில் கேட்பது அது மலைமேல் நிற்பதால். கடற்கரையில் மலைக்கு எங்கே போவது? கடல்நீரோ மண்ணைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். மத்திய அலை அதன்மேல் ஊர்ந்து, செல்போன் கைவிடும் தூரத்தையும் தாண்டிப் போகும். அந்தத் தூரத்தில் படகுகள் இருக்கின்றன. செலவுக் கணக்கில் அவர்கள் எந்தப் பத்தியில் வருகிறார்கள்?

"உள்ளூர் நிகழ்ச்சிகளில் தரம் இல்லை" என்பவர்களுக்குத்தான் நான் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும், முடியவில்லை. நிரந்தர அறிவிப்பாளர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. நிரந்தரமில்லாத கேஷுவல் அறிவிப்பாளருக்கு மாதத்தில் ஆறு டியூட்டிக்கு மேல் கிடையாது. அந்த ஆறு டியூட்டிக்காக விடிகாலை இருட்டில் பஸ் பிடித்து வந்து, நிகழ்ச்சி வரிசை எழுதிய க்யூ ஷீட்டைச் சரிபார்த்து, 5.55க்கு முகப்பிசை ஒலிக்கும்போது மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் போய்த் தரத்தைப் பற்றிப் பேசுகிறோம். மீதி 24 நாள் அவர் எதைச் சாப்பிடுகிறார் என்று கேட்டோமா? ஆளையும் குறைத்து, மணியையும் குறைத்து, பிறகு "பாருங்கள், கேட்பவர் குறைந்துவிட்டார்கள்" என்று மூடுவதற்குக் காரணம் காட்டுவது என்ன நியாயம்?

கணினிக் குரல் வாசித்துவிடும் என்றும் அதே மேடையில் சொன்னார்கள். சேரன்மகாதேவி என்று எழுதியிருப்பதைச் சேர்மாதேவி என்று சொன்னால்தான் அந்த ஊர்க்காரர் நிமிர்ந்து பார்ப்பார் என்பது அந்தக் குரலுக்கு யார் சொல்லித் தருவது? "தென்மேற்குத் திசையிலிருந்து பலத்த காற்று" என்று அறிக்கையில் இருப்பதைக் மீனவர் வாய்ச்சொல்லில் கச்சான் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல யாருக்குத் தோன்றும்?

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட படகுகள் எத்தனையோ. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்த ஊர்களின் பேரை இன்றைக்கும் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை அப்படி ஓர் இரவு வரும்போது முட்டம், கடியபட்டணம், குளச்சல், இனையம், தேங்காய்ப்பட்டணம் என்று கரையோரமாக ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட நாகர்கோவில் ஸ்டுடியோவில் ஒருவர் உட்கார்ந்திருப்பாரா, மாட்டாரா? அந்த வல்லுநர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.