மேனிஃபோல்ட் விரிசலைச் சிலிகான் அடைக்காது

"எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் விரிசலில் சிவப்புச் சிலிகானைத் தடவினேன், சத்தம் நின்றுவிட்டது, புது கேஸ்கெட்டிலும் இருபுறம் பூசுங்கள்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் என்பது எஞ்சின் புகையைச் சேர்த்துப் புகைக்குழாய்க்கு அனுப்பும் பகுதி; கேஸ்கெட் என்பது அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு.) இரண்டு யோசனையும் தவறு.

அந்தச் சிலிகான் பசை ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். பெட்ரோல் எஞ்சின் பாரம் இழுக்கும்போது புகையின் வெப்பம் 800 டிகிரியைத் தாண்டிவிடும். பசை கருகி உதிரும், அவ்வளவுதான். சத்தம் நின்றதும் சான்றாகாது: வார்ப்பிரும்பு சூடேறி விரியும்போது சிறு விரிசல் தானே நெருங்கிக்கொள்ளும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிக் கேளுங்கள், அதே டிக் டிக் ஒலி திரும்பியிருக்கும்.

உலோக அடுக்கு கேஸ்கெட்டை, கையேடு வேறு சொன்னாலொழிய, உலர்ந்தபடியே பொருத்த வேண்டும். அதை அடைப்பது பசையல்ல, சமதளமும் சீரான இறுக்கமும். மேனிஃபோல்டின் முகத்தில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இடைவெளி பாருங்கள். வளைந்திருந்தால் எந்த கேஸ்கெட்டும் நிற்காது. துருப்பிடித்த ஸ்டட்டுகளை (மேனிஃபோல்டை எஞ்சினோடு பிடித்திருக்கும் மரையுள்ள கம்பிகள்) முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயில் ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் ஸ்டட் எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஒடியும்; பிறகு செலவே வேறு. நட்டுகளை நடுவிலிருந்து இருமுனைக்கும், சில சுற்றுகளாக, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள்.

வெல்டிங்? முன்சூடும் மெதுவான ஆறலும் இல்லாவிட்டால் பற்றவைத்த இடத்தின் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும்.

கசிவோடு ஓட்டுபவர்களுக்கு: அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அது வண்டிக்குள்ளும் நுழையும்.