அசரியா பேராயருக்கு யாரும் தயவு காட்டவில்லை

இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அசரியா. அவரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நம் சபை மேடையில் பேசியதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். நாலு நாளாக அந்த வீடியோதான் சுற்றுகிறது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. "பி.ஏ.கூட முடிக்காதவர், வெள்ளைக்காரர் தயவில் பேராயர் ஆனவர்" என்று ஒருவர் சொல்கிறார், கீழே உட்கார்ந்திருந்த நம் ஆட்கள் கைதட்டுகிறார்கள். பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு வலித்தது.

சரி, பி.ஏ. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், கணக்குத் தேர்வு சமயத்தில் உடம்புக்கு முடியாமல் போனது, பட்டம் வாங்கவில்லை. உண்மை. அப்புறம் 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதுவும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் மேடையில் சொல்வது என்ன நியாயம்?

தயவு என்ற சொல்லுக்கு வருகிறேன். 1910, எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசியர்கள். வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவருக்குப் பிறந்த 35 வயது வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, மிஷனரிகள் எங்களோடு சமமாகப் பழகுவதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அரங்கில் பலருக்குக் கோபம். அவர் பேராயர் ஆனது இதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1912 டிசம்பர் 29-இல், கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில். தயவை எதிர்பார்க்கிறவர் இப்படியா பேசுவார்?

ஆதரித்த வெள்ளைக்காரர் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார். மெட்ராஸ் பேராயர் ஹென்றி வைட்ஹெட் அவருக்காக உறுதியாக நின்றார். எதிர்த்த மிஷனரிகளும் இருந்தார்கள். சாதி பார்த்து முகம் சுளித்த நம் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இத்தனையையும் தாண்டி வந்தவரைத் தயவில் வந்தவர் என்பதா?

எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு கலயத்தில் போடுவாள். "இது மிஷனரிக்கு, தொடாதே" என்பாள். எனக்கு ஆறேழு வயது. வீட்டில் அரிசி தட்டுப்பாடான நாளிலும் அந்தக் கலயத்தில் கைவைக்கவிட மாட்டாள். 1903-இல் பாளையங்கோட்டையில் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் காசு, நம் ஆட்கள், நம் நிர்வாகம். எங்கோ தெலுங்கு நாட்டில், நிஜாம் சீமையில் இருக்கிற தோர்ணக்கல்லுக்குத் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் தங்கள் கைக்காசில் ஆள் அனுப்பினார்கள். பிறகு ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வேலையை விட்டுவிட்டு அசரியாவே 1909-இல் அங்கே போனார். தெலுங்கு கற்றார். மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1912-இல் அந்தத் தோர்ணக்கல்லுக்கே பேராயர் ஆனார். அதுமுதல் 1945 ஜனவரி 1-இல் சாகும்வரை ஒரு ஆங்கிலிக்கன் திருமண்டலத்தின், அதாவது பேராயர் ஆளும் பகுதியின், பொறுப்பில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். எங்கள் ஆச்சியின் ஒரு பிடி அரிசியும் இந்தக் கணக்கில் உண்டு. தயவு யாருடையது?

தோர்ணக்கல்லுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கோயில் மண்டபம் போலத் தூண்கள், மேலே மசூதியை நினைவூட்டும் கும்மட்டங்கள். 1939-இல் பிரதிஷ்டையான அந்தப் பேராலயத்தைப் பார்த்துவிட்டு, இவரை வெள்ளைக்காரர் ஆள் என்று யாரால் சொல்ல முடியும்?

"மதமாற்றக்காரர், காந்திக்கே அவரைப் பிடிக்கவில்லை" என்று பின்னூட்டத்தில் ஒருவர். காந்தியோடு முரண்பாடு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ்தவர்கள் மட்டும் ஓட்டுப்போடும் தனித்தொகுதி வேண்டாம் என்று நின்றவரும் இவர்தான். அதற்குமேல் அந்த நண்பருக்குச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

"உங்க சாதிக்காரர், அதனால்தான் துடிக்கிறீங்க" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இதை இரண்டு தடவை படித்தேன். ஆமாம், நாடார்தான். திருநெல்வேலியில் மேல்சாதிக்காரர்கள் அண்டவிடாமல் வைத்திருந்த சமூகத்திலிருந்து வந்தவர், தோர்ணக்கல்லில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களின் குடிசைகளுக்குப் போய் உட்கார்ந்தார். அதற்காகத்தான் துடிக்கிறேன். சொந்தச் சாதிப் பெருமைக்காக என்றால், அந்த மக்களைப் பற்றி நான் ஏன் பேச வேண்டும்?

சொல்லிவிடுகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு ஊர்ச் சபையில் அசனம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. என்னோடு வந்த சிநேகிதனைப் பந்தியிலிருந்து எழுப்பி, சுவரோரம் இருந்த வேறு வரிசையில் உட்கார வைத்தார்கள். அவன் இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தான். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எழுப்பியவர்கள் எங்கள் சாதிக்காரர்கள்.

1919-இல் தரங்கம்பாடியில் உட்கார்ந்து, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று பேசியவர்களில் முன்னால் நின்றவர் அசரியா. அப்படிச் சபைகள் ஒன்றாகி 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததைப் பார்க்க அவர் இல்லை. அந்தத் திருச்சபையின் மேடையில் நின்றுகொண்டுதான் அவரைத் தயவில் வந்தவர் என்றார்கள். கைதட்டியவர்களில் எனக்குத் தெரிந்த முகங்கள் நிறைய. அடுத்த மாதம் எங்கள் சபையில் அசனம் இருக்கிறது. என் சிநேகிதனுக்குப் போன் செய்து கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று அவன் இன்னும் சொல்லவில்லை.