சார்ட்டில் இருக்கும் ஆப்பிள் மரத்தைக் கழற்றிவிடுங்கள்

கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி என்று நம் பக்கத்தில் எந்தத் தொடக்கப்பள்ளிக்குப் போனாலும், ஒன்றாம் வகுப்புச் சுவரில் 'மரத்தின் பாகங்கள்' என்று ஒரு சார்ட் தொங்குவதைப் பார்க்கலாம். பழுப்பு நிறத் தண்டு, மேலே பச்சை வட்டம், அதில் ஐந்தாறு சிவப்பு ஆப்பிள்கள். வேர், தண்டு, கிளை, இலை, பூ, கனி என்று அம்புக்குறிகள். எதிர்ப்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு வேம்போ பூவரசோ நின்றுகொண்டிருக்கும். பிள்ளைகள் சார்ட்டைப் பார்த்து ஒப்பிப்பார்கள். ஜன்னல் பக்கம் தலை திரும்பினால் "அங்கே என்ன வேடிக்கை?" என்று அதட்டல் விழும். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: மரத்தைப் பற்றிய பாடத்துக்கு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் அந்த ஒரு மரம் போதும். ஆனால் ஒரு பீரியட் போதாது. ஒரு வருடம் வேண்டும்.

சார்ட் சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் நான் இவ்வளவு வருந்த மாட்டேன். அது பிள்ளைகளின் கண்ணையே மாற்றிவிடுகிறது. ஒருமுறை பலாமரம் வரையச் சொன்னேன். பண்ருட்டிச் சாலையோரம் பலாச்சுளை விற்கும் குடும்பத்துப் பெண் குழந்தை ஒருத்தி, கிளை நுனிகளில் சின்னச் சின்னதாகப் பழங்களைத் தொங்கவிட்டிருந்தாள். அவள் வீட்டுக் கொல்லையில் பலா நிற்கிறது. பழம் அடிமரத்திலிருந்தே தள்ளிக்கொண்டு வருவதை நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் பென்சிலை எடுத்ததும் கைக்கு வந்தது சார்ட்டில் இருந்த மரம்தான். "உன் வீட்டுப் பலா இப்படியா காய்க்கிறது?" என்று கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு ரப்பரைத் தேடினாள். மறுபடி வரைந்தபோது தண்டில் பெரிய பழம், அதன் காம்பு, கீழே முட்டுக்கொடுத்த கழி, மேலே சுற்றிய சாக்கு எல்லாம் வந்தன. அந்தச் சாக்கைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

செயல்வழிக் கற்றல் நமக்குப் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. அதன் நல்ல பலனை நான் மதிக்கிறேன். ஆனால் மரம் என்று வரும்போது செயல்பாடு பெரும்பாலும் வண்ணத்தாள் வெட்டி ஒட்டுவதோடு நின்றுபோகிறது. தெர்மாகோலில் மரம் செய்வதும் ஒரு செயல்தான். அதில் மரம் எங்கே இருக்கிறது?

நான் வகுப்பில் செய்கிறவற்றைச் சொல்கிறேன். முதலில் பட்டைத் தேய்ப்பு. ஒரு வெள்ளைத்தாளை மரத்தின் மேல் வைத்து ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள, இன்னொரு பிள்ளை மெழுகு வண்ணக் குச்சியைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். குச்சியின் நுனியால் தேய்த்தால் தாள் கிழியும், படுக்கவைத்தால்தான் உரு வரும். வேம்பில் நெடுக்காக வெடிப்புகள் எழுந்து வரும். தென்னையில் மட்டை விழுந்த தழும்புகள் குறுக்குக் கோடுகளாக வரும். கொய்யாவில் ஏறக்குறைய ஒன்றுமே வராது. அந்த வெற்றுத்தாளைப் பார்த்துப் பிள்ளைகள் ஏமாந்து, மரத்தைத் தடவிப் பார்த்து, அது வழவழப்பாக இருப்பதைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். பிறகு தாள்களைக் கலைத்துப் போட்டு எது எந்த மரம் என்று கேட்டால், எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள்தான் முந்திக்கொண்டு சொல்கிறார்கள். அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே இதை அடிக்கடி செய்கிறேன்.

அடுத்து இலை. "ஆளுக்கு ஒரே ஒரு வேப்பிலை கொண்டு வாருங்கள்" என்றால், எல்லோரும் ஈர்க்கிலிருந்து ஒரு சிறு இலையைக் கிள்ளிக்கொண்டு வருவார்கள். உண்மையில் அந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்ததுதான் ஓர் இலை. அதற்கு அடையாளம் மொட்டு: கிளையில் ஈர்க்கு ஒட்டும் இடத்துக்கு மேலே ஒரு குட்டி மொட்டு இருக்கும், சிற்றிலைகளின் அடியில் இருக்காது. மொட்டைத் தேடச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளையும் தேடிவிடும். முருங்கை இன்னும் வேடிக்கை. அம்மா சமையலுக்கு உருவும் அந்தப் பெரிய இணுக்கு முழுவதும் ஒரே இலை. இதைச் சொன்ன அன்று பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சண்டையே போட்டிருக்கிறார்கள். மறுநாள் வாசலில் நின்று ஒரு தாய் என்னிடம் விளக்கம் கேட்டார். இருவருமாகச் சேர்ந்து மொட்டைப் பார்த்தோம்.

மரம் தண்ணீரை வெளியே விடுகிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. காலை வழிபாடு முடிந்ததும், வெயில் படும் ஒரு வேப்பங்கொத்தை நிறமில்லாத பிளாஸ்டிக் பையில் நுழைத்து, வாயை நூலால் இறுக்கிக் கட்டிவிடுவோம். சத்துணவு முடிந்து போய்ப் பார்த்தால் பையின் உட்புறம் பனித்திருக்கும், மூலையில் நீர் சேர்ந்திருக்கும். ஒரு பையன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மரத்துக்கு வேர்க்கிறது, டீச்சர்" என்றான். அதைவிடச் சரியாக எந்தப் பாடநூலும் அந்த வகுப்புக்குச் சொல்ல முடியாது. பையை அன்றே அவிழ்த்துவிட வேண்டும், மறந்தால் இலை வாடிவிடும்.

பூவரசு இருக்கும் பள்ளி கொடுத்துவைத்த பள்ளி. கடலோரத்தில் உப்புக் காற்றையும் பொறுத்துக்கொண்டு நிற்கும் மரம். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதலாம், காயைக் குச்சியில் செருகிப் பம்பரம் விடலாம், சில வீடுகளில் இலையில் கொழுக்கட்டையும் அவிப்பார்கள். பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்வது பூவை. மஞ்சளாக மலர்ந்த ஒரு பூவின் காம்பில் நூல் கட்டி அடையாளம் வைப்போம். மறுநாள் காலை வந்து பார்த்தால் அதே பூ செம்மை ஏறிச் சுருங்கியிருக்கும். யாரோ பூவை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நம்புகிறார்கள். நூல் அதே நூல் என்று உறுதியானதும் வரும் அமைதியில் வகுப்பு தானாக நடக்கிறது.

ஒரு விஷயத்தில் பாடநூல் எழுதுகிறவர்களோடு எனக்கு மனவருத்தம் உண்டு. மரத்தின் வயதை வளையத்தை எண்ணிச் சொல்லலாம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். கடுங்குளிரும் கோடையும் மாறி மாறி வரும் நாட்டு மரங்களுக்கு அது பொருந்தும். நம் சமவெளி மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியாது. தேக்கில் தெரியும், பக்கத்து மரவாடியில் கேட்டால் ஒரு துண்டு தருவார்கள். தென்னைக்கும் பனைக்கும் அந்த வளையமே கிடையாது. நம் பிள்ளை தினமும் பார்ப்பது தென்னையையும் பனையையும்தான். அதற்குப் பதில் ஒரு நூலால் மரத்தைச் சுற்றி அளந்து, வெட்டி, தேதி எழுதி வகுப்பில் தொங்கவிடுங்கள். அடுத்த வருடம் அதே உயரத்தில் அளந்து பக்கத்தில் தொங்கவிடுங்கள். இளமரமாக இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள். ஜூலை முதல் வாரம் வனமகோத்சவம், 1950-இல் மத்திய அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி தொடங்கிவைத்தது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஊர்களுக்கு அந்த வாரம் பொருத்தமானதுதான். நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில். ஜூன் மாதத்து அனலில், ஒரு கன்றைப் பத்துக் கைகள் பிடித்துப் படம் எடுத்து, குழியில் வைத்துவிட்டுப் போனால் அது ஆடிக்குள் காய்ந்து விறகாகிவிடும். காய்ந்த குச்சியைத் தினமும் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போகும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? நட்டால் செத்துப்போகும் என்பதைத்தான்.

நம் பருவத்துக்கு நாம் நடத்துவோம். பள்ளி திறக்கும் ஜூனில் வேப்பம்பழம் உதிரும் காலம் வருகிறது. பிள்ளைகள் பொறுக்கிச் சதையை அலசி உடனே விதைக்கட்டும். வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும், டப்பாவில் போட்டுவைத்தால் வீண். புளியங்கொட்டை பொறுமையானது, எப்போது வேண்டுமானாலும் முளைக்கும். ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி விதைத்தால், தடித்த இரண்டு பருப்புகளையும் தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வரும். பிள்ளைகள் தினமும் தோண்டிப் பார்ப்பார்கள், அதைத் தடுக்காதீர்கள். தோண்டுவதற்கென்றே கூடுதலாகச் சில கொட்டாங்குச்சிகளில் விதைத்துவிடுங்கள். ஆவணியில் பனம்பழம் விழும். கொட்டைகளைப் பள்ளி மூலையில் மண்ணில் பரப்பி மூடிவைத்தால் பொங்கல் சமயத்தில் கிழங்கு. நம் மாநில மரத்தைத் தோண்டி, அவித்து, நார் உரித்துத் தின்னும் பாடம் அது. கன்றுகள் ஐப்பசி முதல் மழைக்குக் குழிக்குப் போகட்டும். வாளியைத் தூக்க வேண்டிய வேலையை வானம் பார்த்துக்கொள்ளும்.

நேரமில்லை என்பார்கள். விதைகளைப் பத்துப் பத்தாக அடுக்குவது கணக்கு, பார்த்ததை ஒரு வரியில் சொல்வது தமிழ், நேரம் அங்கேயே இருக்கிறது. பூச்சி கடிக்கும், விஷச்செடி இருக்கும் என்ற பயம் நியாயமானது. கம்பளிப்பூச்சி அப்பியிருக்கும் மாதத்தில் முருங்கைப் பக்கம் போக வேண்டாம். அரளியையும் எருக்கம்பாலையும் தொடக் கூடாது என்பதை முதல் நாளே காட்டிச் சொல்லிவிடுங்கள். முந்திரிக் கொட்டையின் தோலில் உள்ள எண்ணெய் கையைப் புண்ணாக்கும், அதை நம் ஊர்ப் பிள்ளைகளே நமக்குச் சொல்வார்கள்.

எனக்குப் பெரிய பயம் பேவர் பிளாக். பள்ளி முற்றத்தில் சேறு படக் கூடாது என்று அடிமரம் வரை கல் பாவி, சுற்றிலும் சிமெண்டு பூசிவிடுகிறார்கள். தண்ணீர் இறங்க ஒரு முழம் மண்கூட இல்லை. பெற்றோர் கூட்டத்தில் இதைத் தயவுசெய்து பேசுங்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, தலைமுறை தலைமுறையாக வளர்த்த பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நாம் பார்த்தோம். பெரியவர்கள் தோப்பில் உட்கார்ந்து அழுதார்கள். இன்று தொடக்கப்பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் அன்று பிறக்கவே இல்லை. ஒரு மரம் போனால் வீட்டில் ஓர் ஆள் போனதாக உணர்ந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, மரம் என்றால் ஆப்பிள் சார்ட் என்று ஆகிவிடக் கூடாது.

சுற்றுலா போவதானாலும் நமக்கு எட்டிய தூரத்திலேயே எல்லாம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் அமைத்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் சுரபுன்னை மரத்தின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல நீண்டு, பிறகுதான் சேற்றில் விழுகிறது. திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலின் தலமரம் பாதிரி. ஆனால் இவையெல்லாம் பள்ளி மரத்தை ஒரு வருடம் பார்த்து முடித்த பிள்ளைகளுக்கு. அவர்கள்தான் அங்கே போய்ச் சரியான கேள்விகளைக் கேட்பார்கள்.

கடலூர்ப் பக்கத்தில் முற்றத்தில் மரமே இல்லாத பள்ளி ஏதாவது இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பூவரசில் கை பருமனுக்குக் கிளைகள் இருக்கின்றன. ஐப்பசி மழை பிடித்ததும் நடுவதற்குப் போத்து (கிளைத்துண்டு) வெட்டித் தருகிறேன். ஆடு கடிக்காத உயரத்துக்கு வேண்டுமானால் ஆள் உயரப் போத்தாகக் கேளுங்கள். குழி தோண்டுவதை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.