மெஷின் கன்னுக்கு முன்னால் ஜோ ஹாரியட்

மெட்டு, தாளக் கட்டுகளை உதறிவிட்டு வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ், ஐரோப்பாவில் 1968இல் ஜெர்மன் சாக்ஸ் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மானின் 'மெஷின் கன்' இசைத்தட்டில்தான் பிறந்தது என்பது போல உங்கள் கட்டுரை போகிறது. அது பெரிய தட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் லண்டனில் இருந்த ஜோ ஹாரியட்டை எப்படி விட்டீர்கள்?

ஜமைக்காவில் பிறந்த ஆல்டோ சாக்ஸ் கலைஞர். அவருடைய 'ஃப்ரீ ஃபார்ம்' தட்டு பதிவானது 1960 நவம்பரில். அமெரிக்க சாக்ஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கில் 'ஃப்ரீ ஜாஸ்' பதிவு செய்தது அடுத்த மாதம். கோல்மனின் முந்தைய தட்டுகள் அதற்குள் வந்திருந்தன, சரி. அதற்காக ஹாரியட்டை அவருடைய நகல் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். கோல்மன் பியானோவைக் கழற்றிவிட்டார். ஹாரியட் பாட் ஸ்மைத்தின் பியானோவை வைத்துக்கொண்டே விடுதலை தேடினார். ஒருவர் தனி ஆவர்த்தனம் செய்ய மற்றவர்கள் துணைக்கு நிற்கும் பழக்கமும் இதில் தளர்ந்துவிடுகிறது. ஐந்து பேரும் பேசுகிறார்கள், திடீரென்று மௌனமாகிறார்கள். ஷேக் கீனின் டிரம்பெட்டையும் கோல்ரிட்ஜ் கூடின் பாஸையும் மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள், புரியும். அடுத்து வந்த 'அப்ஸ்ட்ராக்ட்'டுக்கு அமெரிக்காவின் டவுன்பீட் பத்திரிகை ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அப்படியும் 1973இல், 44 வயதில் இறக்கும்போது அவரைக் கவனிக்க ஆளில்லை.

அப்புறம், 'மெஷின் கன்'னுக்கு முந்தியவை இன்னும் இரண்டு: பாரிஸில் ஃபிரான்சுவா துஸ்க் 1965இல் போட்ட தட்டு, அதே ஆண்டு ஜெர்மனியில் குண்டர் ஹாம்பலின் 'ஹார்ட்பிளான்ட்ஸ்'. சத்தத்தை மட்டுமே ஃப்ரீ ஜாஸ் என்று நினைப்பவர்களுக்கு ஹாம்பல் வாசிக்கும் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) நல்ல தொடக்கம்.